டிரைவரை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

இரண்டு மஞ்சள் நிறக் கியர் மோட்டார்கள், நிரலை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர் போர்டு ஒன்று, ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி. இவற்றை வைத்து இரு சக்கர ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். மோட்டாரை ஓடச் சொன்னதும் ஊனோவின் விளக்கு மங்குகிறது, நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இன்னும் பெரிய டிரைவர் வாங்கும்படி நண்பர் சொல்கிறார். எந்த டிரைவரை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது டிரைவரின் பெயர் அல்ல. மோட்டார் கேட்கும் மின்னோட்டம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது, வரும் வழியில் போர்டின் உணவைப் பறித்துக்கொள்கிறதா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகத்தில் மாணவர்கள் கொண்டுவரும் ரோபோக்களைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறியோடு வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் டிரைவர் நன்றாகவே இருந்தது. பேட்டரியும் கம்பி இணைப்பும்தான் குற்றவாளிகள்.

முதலில் டிரைவர் எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லில் கம்பி இணைக்கும் ஒரு முனை தாங்கக்கூடிய உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். நிம்மதியாகப் பயன்படுத்த 20 மில்லி ஆம்பியர்தான். சில்லு முழுவதற்குமான வரம்பு 200 மில்லி ஆம்பியர். 2023இல் வந்த ஊனோ ஆர்4 போர்டில் இது இன்னும் குறைவு, ஒரு முனைக்கு 8 மில்லி ஆம்பியர் மட்டுமே. பழைய ஊனோவில் நேரடியாக எல்இடி எரித்துப் பழகியவர்கள் புதிய போர்டுக்கு மாறும்போது இதை மறந்துவிடக் கூடாது. உங்கள் மஞ்சள் மோட்டாரோ சுமையே இல்லாமல் சும்மா சுற்றும்போதுகூட 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே முனை கட்டளையை மட்டும் கொடுக்க வேண்டும். மின்னோட்டத்தை வேறொரு சுற்று பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். டிரைவரின் வேலை அவ்வளவுதான். டிரைவர் எதையும் உற்பத்தி செய்வதில்லை. பேட்டரியால் தர முடியாத மின்னோட்டத்தை எவ்வளவு பெரிய டிரைவராலும் தர முடியாது.

மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தை எல்லோரும் குறைத்து எடைபோடுகிறார்கள். சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. அது தனக்கு வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த எதிர்ப்பு இருப்பதால்தான் ஓடும் மோட்டார் குறைவாக இழுக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு இந்த எதிர்ப்பு கிடையாது. அப்போது மின்னோட்டத்தைத் தடுப்பது அதன் சுருளின் மின்தடை மட்டுமே. இந்த வகை மோட்டாருக்கு 6 வோல்ட்டில் தடைபட்ட நிலை மின்னோட்டம், அதாவது கடைக்காரர்கள் ஸ்டால் கரண்ட் என்று சொல்வது, 1.5 ஆம்பியர் என்று விற்பனைக் குறிப்புகளில் காணலாம். அப்படியானால் சுருளின் மின்தடை ஏறக்குறைய 4 ஓம். சக்கரம் சுவரில் முட்டி நிற்கும்போது மட்டும் இந்த அளவு வரும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் ஒரு கணம் இதே அளவை மோட்டார் கேட்கும். வீட்டில் நீரேற்றும் மோட்டாரைப் போட்டதும் குழல் விளக்கு ஒரு கணம் மங்குகிறதே, அதே நிகழ்வுதான் உங்கள் ரோபோவிலும் நடக்கிறது.

உங்கள் மோட்டாரின் மின்தடையை நீங்களே அளந்துவிடலாம். மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கம்பிகளின் சொந்த மின்தடை. பிறகு மோட்டார் முனைகளில் வைத்து அளந்து, முந்தைய அளவைக் கழியுங்கள். சக்கரத்தைக் கையால் சற்றே திருப்பித் திருப்பி நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிரஷ் என்ற தொடுமுனை, சுழலும் கம்யூட்டேட்டர் வளையத்தில் எங்கே படுகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். வருவதில் சிறியதை எடுத்துக்கொண்டு, பேட்டரி மின்னழுத்தத்தை அதனால் வகுங்கள். கிடைப்பதுதான் உங்கள் மோட்டார் கேட்கக்கூடிய மிக அதிக மின்னோட்டம். டிரைவரையும் பேட்டரியையும் இந்த எண்ணிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி ஆம்பியரை அளக்கச் சொல்பவர்கள் உண்டு. மஞ்சள் மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் அதில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இப்போது உங்கள் பேட்டரிக்கு வருவோம். புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் ஏற்ற பேட்டரி அது. சிறு மின்னோட்டத்தை நீண்ட நாள் தருவதுதான் அதன் வேலை. புதிய ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே ஒன்றிலிருந்து இரண்டு ஓம் வரை மின்தடை இருக்கும். விலை மலிவான கார்பன் துத்தநாக வகையில் அது பல மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஓம் மோட்டார் இரண்டு இணையாக இருந்தால் 2 ஓம். பேட்டரியின் உள்மின்தடை 2 ஓம் என்று வைத்தால் மொத்தம் 4 ஓம். எல்298என் தனக்குள் இரண்டரை வோல்ட்டை விழுங்கிவிடுகிறது, மீதம் 6.5 வோல்ட். ஆக ஓடத் தொடங்கும் கணத்தில் சுமார் 1.6 ஆம்பியர் பாய்கிறது; பேட்டரிக்குள்ளேயே 3.2 வோல்ட் விழுந்துவிடுகிறது. வெளியே 9 வோல்ட் அல்ல, 5.8 வோல்ட்தான் கிடைக்கிறது. அதிலிருந்து ஊனோவின் வட்டத் துளை வழியாக உள்ளே போனால், அங்கிருக்கும் டயோடும் மின்னழுத்தச் சீராக்கியும் இன்னும் 2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். சில்லுக்கு வருவது 3.8 வோல்ட் அளவுதான். ஏடிமெகா328பி 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நம்பகமாக ஓட 3.8 வோல்ட்டாவது வேண்டும். இது புதிய பேட்டரியின் கணக்கு. பாதி தீர்ந்த பேட்டரியில் உள்மின்தடை ஏறி, மின்னழுத்தம் இறங்கியிருக்கும். ஊனோவில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில்லைத் தானாக ரீசெட் செய்யும் காவல் சுற்று ஒன்று இருக்கிறது. உங்கள் நிரல் முதலிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் அந்தக் காவல் சுற்றின் வேலைதான். அது பழுது அல்ல, பாதுகாப்பு. மின்னழுத்தம் போதாத சில்லு ஏறுமாறாக எதையாவது இயக்குவதைவிட ரீசெட் ஆவது நல்லது.

எல்298என் விழுங்கும் இரண்டரை வோல்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர் சொன்னதில் ஒரு பாதி இங்கே சரியாகிறது. எல்298என் பழைய தலைமுறை வடிவமைப்பு. இழப்பு குறைவான மாஸ்ஃபெட் வகை அல்லாமல், இழப்பு அதிகமான பைபோலார் வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. 46 வோல்ட் வரை தாங்கும், ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர் தரும் என்பதால் பெரிய டிரைவராகத் தோன்றும். ஆனால் ஓர் ஆம்பியர் போகும்போது அதற்குள் இழப்பு 3.2 வோல்ட் வரை, 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரை போகலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. 24 வோல்ட் மோட்டாருக்கு இது பெரிய விஷயமில்லை. 6 வோல்ட் மோட்டாருக்கோ பாதிக்குப் பாதி நஷ்டம். அந்தப் பாதி, கறுப்பு வெப்பத்தகட்டில் சூடாக வெளியேறுகிறது. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் எங்கே கேட்டாலும் கிடைக்கிறது, பாடக் காணொளிகள் எல்லாம் அதை வைத்தே எடுக்கப்படுகின்றன என்பதைத் தவிர, சிறு ரோபோவுக்கு அதை வாங்க ஒரு காரணமும் இல்லை என்பது என் கருத்து. எல்293டி அதைவிடச் சிறியது. ஒரு பக்கத்துக்கு 600 மில்லி ஆம்பியர் மட்டுமே, இழப்பும் ஏறக்குறைய அதே வகை. மஞ்சள் மோட்டாருக்கு அது போதாது.

உங்களுக்குப் பொருத்தமானவை இரண்டு: டோஷிபாவின் டிபி6612எஃப்என்ஜி அல்லது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஆர்வி8833. இரண்டுமே மாஸ்ஃபெட் வகை, இரண்டுமே ஒரே போர்டில் இரு மோட்டாரை ஓட்டும். டிபி6612இல் மொத்தத் தடை அரை ஓம் அளவு. ஓர் ஆம்பியருக்கு அரை வோல்ட்தான் இழப்பு. தொடர்ந்து 1.2 ஆம்பியர், மிகச் சிறு கணத்துக்கு 3.2 ஆம்பியர் வரை தாங்கும். டிஆர்வி8833 தொடர்ந்து 1.5 ஆம்பியர் வரை தரும்; மின்னோட்டத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் கட்டுப்படுத்தும் வசதியும் சில்லிலேயே உண்டு, ஆனால் அது வேலை செய்யும்படி போர்டில் மின்தடை வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். இதற்குத் தர வேண்டிய மின்னழுத்தம் 10.8 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டிபி6612 வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். எஸ்டிபிஒய் என்று எழுதிய முனையை 5 வோல்ட்டில் இணைக்காவிட்டால் சில்லு உறக்க நிலையிலேயே இருக்கும். புதிய போர்டு வேலையே செய்யவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு கம்பியைத்தான். நான்கு மோட்டார் ஓட்டும் எண்ணம் இருந்தால், ஊனோவின் மேல் செருகும் அடஃப்ரூட் மோட்டார் ஷீல்டின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அதில் டிபி6612 சில்லுகளோடு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் அலையைத் தானே உண்டாக்கும் தனிச் சில்லும் இருக்கிறது. ஊனோவிலிருந்து ஐ2சி என்ற தொடர்பு முறை வழியாக இரண்டே கம்பிகளில் கட்டளை போகும். அதன் முதல் பதிப்பு எல்293டி சில்லில் ஆனது. இன்றும் அதன் நகல்கள் மலிவாக விற்கப்படுவதால், எதை வாங்குகிறோம் என்று சில்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

ஆனாலும் டிரைவரை மட்டும் மாற்றி 9 வோல்ட் பேட்டரியை அப்படியே வைத்தால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். டிரைவரில் இழப்பு குறைந்தால் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் கூடும், பேட்டரி இன்னும் ஆழமாகச் சரியும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது பேட்டரி. தொடக்கத்துக்கு நான் சொல்வது ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நான்கு போட்டால் 4.8, ஐந்து போட்டால் 6. உள்மின்தடை மிகக் குறைவு, தவறாகக் கையாண்டாலும் பெரிய ஆபத்து இல்லை. அதில் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள், ஊனோவுக்குத் தற்போதைக்கு ஒரு யூஎஸ்பி பவர் பேங்க் கொடுங்கள். இரண்டு 18650 லித்தியம் செல்களைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட், முழுதாக ஏற்றியிருக்கும்போது 8.4 வோல்ட். ஒரே பேட்டரியில் எல்லாவற்றையும் ஓட்ட இது வசதி. அப்போது மோட்டாருக்கு 6 வோல்ட்டுக்கு மேல் சராசரி போகாமல் நிரலில் வேகத்தை வரம்பிட வேண்டும், 8.4 வோல்ட்டுக்கு அது, முழு வேகத்தைக் குறிக்கும் 255இல் 180 என்ற அளவு. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல்லை வெறும் கம்பியால் இணைத்துப் பயன்படுத்தாதீர்கள். ஒரு ஷார்ட் சர்க்யூட்டில் அது பல ஆம்பியரைக் கொட்டித் தீப்பற்ற வைக்கும். பழைய மடிக்கணினி பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் உங்கள் முதல் ரோபோவுக்கு வேண்டாம்.

கம்பி இணைப்பில் இரண்டு விஷயங்கள். தனித்தனிப் பேட்டரி வைத்தாலும் ஊனோவின் கிரவுண்ட் (0 வோல்ட் முனை), டிரைவரின் கிரவுண்ட், மோட்டார் பேட்டரியின் எதிர்மின்முனை மூன்றும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊனோ அனுப்பும் 5 வோல்ட்டை டிரைவர் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? ஆனால் மோட்டாரின் மின்னோட்டம் ஊனோவின் கிரவுண்ட் வழியாகத் திரும்பக் கூடாது. பேட்டரியின் எதிர்மின்முனையிலிருந்து ஒரு தடித்த கம்பி டிரைவருக்கும், வேறொரு கம்பி ஊனோவுக்குமாகப் பிரிந்து போகட்டும். மோட்டார் கம்பிகளை பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் கம்பி செருகும் பலகை) வழியாகக் கொண்டுபோகாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் கிளிப்புகள் ஓர் ஆம்பியருக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல. இதோடு, டிரைவருக்கு மின்சாரம் வரும் இடத்தில் 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைப் பட்டை குறியிட்ட பக்கம் கிரவுண்டுக்கு வரும்படி சாலிடர் செய்யுங்கள். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 104 என்று எழுதிய சிறு செராமிக் கெபாசிட்டர் ஒன்று. பிரஷ் உரசும்போது பறக்கும் பொறிகளின் இரைச்சலை அது அங்கேயே அடக்கிவிடும். சென்சார் எண்கள் காரணமில்லாமல் துள்ளுவதற்கு இந்த இரைச்சல் காரணமாக இருப்பது மிகச் சகஜம்.

நிரலில் செய்யக்கூடியதும் உண்டு. வேகத்தைச் சுழியத்திலிருந்து ஒரே தாவலில் முழுமைக்குக் கொண்டுபோகாமல் கால் வினாடியில் படிப்படியாக ஏற்றினால் தொடக்க மின்னோட்டம் கணிசமாகக் குறையும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் மோட்டாரைச் சட்டென்று பின்னோக்கித் திருப்புவது இன்னும் கொடியது. அப்போது மோட்டார் உண்டாக்கும் மின்னழுத்தமும் பேட்டரியும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். ஸ்டால் கரண்டைப் போல இரு மடங்கு வரை போகலாம். நிறுத்தி, ஒரு பத்தில் ஒரு வினாடி விட்டு, பிறகு திருப்புங்கள். ஊனோவில் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) தரும் முனைகள் 3, 5, 6, 9, 10, 11. பின்னால் ஒரு செர்வோ மோட்டார் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 9, 10 முனைகளை மோட்டார் வேகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். செர்வோவை இயக்கும் நிரல் நூலகம் அந்த முனைகளின் டைமரை (நேரம் எண்ணும் சுற்றை) எடுத்துக்கொள்ளும், இரு முனைகளிலும் வேகக் கட்டுப்பாடு நின்றுபோகும். 5, 6 முனைகளில் பிடபிள்யூஎம் அதிர்வெண் 980 ஹெர்ட்ஸ், மற்றவற்றில் 490. குறைந்த வேகத்தில் மோட்டார் கீச்சிடுவது இதனால்தான், பழுது இல்லை. 5, 6 முனைகளின் அதிர்வெண்ணை மாற்றினால் நேரம் கணக்கிடும் செயல்பாடுகளும் சேர்ந்து கெடும் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துவிடுகிறேன். சில்லுகளின் வரம்புகளும் 9 வோல்ட் பேட்டரி இந்த வேலைக்கு ஏற்றதல்ல என்பதும் உறுதி. உங்கள் ரோபோ ரீசெட் ஆவதற்குக் காரணம் இதுதான் என்பது, நீங்கள் எழுதியதைப் படித்து நான் செய்த ஊகம். வலுவான ஊகம், அவ்வளவுதான். சரிபார்க்க ஒரு சோதனை போதும். ஊனோவை மடிக்கணினியின் யூஎஸ்பியில் இணையுங்கள். எல்298என் போர்டிலிருந்து ஊனோவுக்கு 5 வோல்ட் கம்பி ஏதாவது போனால் அதைக் கழற்றிவிடுங்கள், வட்டத் துளையிலும் எதையும் செருக வேண்டாம். கிரவுண்ட் கம்பி மட்டும் இருக்கட்டும். மோட்டாருக்கு அதே 9 வோல்ட் பேட்டரி. ரோபோவை ஒரு புத்தகத்தின் மேல் வைத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஓட்டுங்கள். ரீசெட் நின்றுவிட்டால் பேட்டரிதான் காரணம் என்பது தீர்ந்தது. மோட்டார் மந்தமாகச் சுற்றலாம், அதுவும் அதே நோய்தான். அப்போதும் ரீசெட் ஆனால் என் ஊகம் தவறு. மோட்டார் இரைச்சல், தளர்ந்த கிரவுண்ட், ஓர் இடத்தில் கம்பியோடு கம்பி உரசுவது ஆகியவற்றைத் தேட வேண்டும். அதைப் போர்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில் சில நேரம் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இரு மோட்டாரையும் டிரைவரில் இடம் மாற்றிப் பொருத்துங்கள். கோளாறு மோட்டாரோடு இடம் மாறினால் மோட்டார் அல்லது அதன் சாலிடர். அதே பக்கத்திலேயே நின்றால் டிரைவர் அல்லது அதற்குப் போகும் கட்டளைக் கம்பி. இரண்டும் சுற்றத் தொடங்கிய பிறகு ரோபோ நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளையும். ஒரே பையில் வந்த இரு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நிரலில் ஒரு பக்க எண்ணைக் குறைத்து ஈடுகட்டலாம், ஆனால் பேட்டரி இறங்க இறங்க அந்த ஈடு மாறிவிடும். நிலையான தீர்வு வேண்டுமென்றால் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் உள்ள மோட்டார் வாங்கி, ஊனோவின் 2, 3 முனைகளில் இன்டரப்ட் (துடிப்பு வந்ததும் நிரலை இடைமறிக்கும் வசதி) வழியாக எண்ண வேண்டும். அதற்கு முன், புது பேட்டரி போட்டதும் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் ஊனோவின் 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சாதாரண மீட்டர் வேகமான சரிவைப் பிடிக்காது. குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அந்த எண்ணையும், மோட்டாரில் அளந்த மின்தடையையும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கையால் வரைந்த ஒரு படத்தையும் இங்கே போட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.